புளியரை எடைமேடையில் ஒரு ஜனவரி

பத்து மணிக்குப் போன கரண்ட்
பத்தே முக்காலுக்கு வந்தது.
கணவாயிலிருந்து இறங்கும் ஆடிக்காற்று
கூரைத் தகரத்தை இன்னும் விடவில்லை.
செல்போன் டவர் போனது போனதுதான்.
யூபிஎஸ் ஊதிப்போய் ஒரு வருடம்,
ஓனர் வாங்குகிறேன் என்கிறார்.

முதலில் ஒரு புது டிப்பர் ஏறியது.
சீட்டு வந்தது, கிழித்துக் கொடுத்தேன்.
மழைக்கு நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
ஆரியங்காவு பக்கம் போய்விட்டான்.

அடுத்தது சஜிமோன் லாரி.
பாவூர்சத்திரத்துப் பூசணி,
தார்ப்பாய் பிதுங்கப் பூசணி.
வாரம் மூன்று முறை வருகிற வண்டி,
அதன் நம்பர் என் விரலுக்கே தெரியும்.
அடித்தேன். என்டரைத் தட்டினேன்.
எடைத் திரை காணாமல் போனது.
மன்னிப்பு இல்லை, சிவப்புப் பெட்டி இல்லை,
சரி என்று அமுக்க ஒரு பொத்தான்கூட இல்லை.
டெஸ்க்டாப்பில் லினக்ஸ்காரர்கள் வைத்த
நீல மலை மட்டும், ஈரமில்லாமல்.

மறுபடி திறந்தேன். மறுபடி நம்பர்.
மறுபடி மலை.

"சேச்சி, எந்தாயி?"
"ஒண்ணுமாயில்ல. டீ குடிச்சிட்டு வாங்க."

ஐகானைத் தொட்டால் ஊமையாகச் சாகிற புரோகிராம்
டெர்மினலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்
சாகும்போது ஒரு வரியாவது பேசும்.
பேசியது:
செக்மென்டேஷன் ஃபால்ட். கோர் டம்ப்டு.
உரிமையில்லாத இடத்தில் கை வைத்தேன்,
குடலைக் கொட்டிவிட்டுப் போகிறேன்
என்று வைத்துக்கொள்ளலாம்.

சீரியல் வயரைப் பிடுங்கிச் சொருகினேன்.
இண்டிகேட்டரில் எடை சரி,
பதினாலாயிரத்து அறுநூற்றுப் பத்து.
புள்ளியில் தொடங்கும் ஃபோல்டர் ஒன்று உண்டு,
சாதாரணமாகக் கண்ணில் படாது.
இதன் பழக்கவழக்கமெல்லாம் அதற்குள்.
அழிக்கவில்லை, பெயரை மட்டும் மாற்றினேன்.
பச்சைப்பிள்ளை மாதிரி திறந்தது,
மொழி கேட்டது, மேடையின் பெயர் கேட்டது,
சஜிமோன் நம்பரைக் கொடுத்ததும் செத்தது.
பழைய பெயரையே திருப்பி வைத்தேன்.

கொட்டிய குடலையாவது பார்ப்போம் என்று
கோப்புகளைத் தேதிவாரியாக அடுக்கினேன்,
புதியது மேலே.
மேலே இல்லை.
நேற்றைய சீட்டுகள், முந்தாநாள், போன மாதம்,
இந்தப் பெட்டி வாங்கிய வருடம்,
எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது
இப்போதுதான் செத்த பிணம்:
1970 ஜனவரி 1, காலை 6.14.

திரை மூலையில் கடிகாரமும்
அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது.
வெளியே பதினொன்றரை. தவளைச் சத்தம்.
நான் பிறக்க இன்னும் பதினெட்டு வருடம்.

போர்டுக்குள் இருக்கிற பொத்தான் பேட்டரி தீர்ந்துபோய்
கரண்ட் போனதும் தேதியை விட்டுவிட்டு
தனக்குத் தெரிந்த முதல் நாளில் போய் நின்றிருக்கிறது.
சஜிமோன் வண்டிக்கு வெற்று எடை
போன வியாழக்கிழமை போட்டது.
இன்றைக்கு அது எப்போதோ வரப்போகிற வியாழன்.
இந்தக் கணக்கை எழுதிய புண்ணியவான்
நாளைக்கு எடை போட்டவன்
இன்றைக்கு வந்து நிற்பான் என்று
நினைத்திருக்க மாட்டான்.
டிப்பருக்குப் பழைய எடையே கிடையாது,
கழிக்க ஒன்றும் இல்லை, தப்பித்தான்.

தேதியைக் கையால் அடித்தேன்.
என்டர் தட்டுமுன் கரண்ட் ஒருமுறை கண்ணைச் சிமிட்டியது.
மறுபடி ஜனவரி.

அப்போதுதான் பூ வேன் வந்தது.
புனலூருக்குப் பிச்சி கொண்டுபோகும் சண்முகக்கனி
சஜிமோனிடம் கதை கேட்டுவிட்டு
இடுப்புப் பையிலிருந்து கைத்தராசை எடுத்தாள்,
நகத்தால் அதன் முதுகைத் திறந்தாள்.
"இதானா பாரு. நாளைக்கு வேற வாங்கி வச்சிரு.
இன்னைக்கு ஒரு நா கண்ணளவுல போட்டுக்கிடுதேன்."

அதேதான்.
டார்ச்சை சஜிமோன் பிடித்தான்,
நாலு ஸ்குரூ, ஒரு கிளிப்.
தேதி நின்றது. சீட்டு வந்தது.
பூசணி கணவாய்க்குள் ஏறிப் போனது,
பின்னாலேயே பிச்சி வாசம்.

டிப்பர்க்காரன் நம்பர் வாங்கவில்லை.
அவனிடம் ஒரு சீட்டு இருக்கிறது:
எம்சாண்ட், இருபத்தெட்டு டன்,
1970 ஜனவரி 1, காலை ஐந்தே முக்கால்.
ஆரியங்காவில் யாராவது இந்நேரம்
அதற்கு சீல் குத்தியிருப்பார்கள்.